வாயிலிருந்த பிள்ளை

இல்லை. ஓகே இல்லை.

நேற்று பட்டறை வாட்ஸ்அப் குழுவில் ஒரு நரசிம்மர் படத்தைப் போட்டு, "மாமி, ஓகேவா? கஸ்டமர் வெயிட்டிங்" என்று கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் குழுவிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதற்கு நன்றி. படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உக்கிர நரசிம்மர். பிடரி இருக்கிறது, கோரைப்பல் இருக்கிறது, எல்லா விரலிலும் நகம் இருக்கிறது. மடியில் இரணியனைக் காணோம். கஸ்டமர் "பாசிட்டிவாக" வேண்டும் என்றாராம், துடைத்துவிட்டீர்களாம். துடைத்தவர்கள் கையையாவது மாற்றினீர்களா? அதுவும் இல்லை. காலி மடிக்கு மேலே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவாமி தபேலா வாசிக்கிறார்.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? கஸ்டமரைக் கேட்டுத்தான் என்பீர்கள். அந்தக் கஸ்டமர் யார் என்று கேட்டீர்களா? இதைப் போனில் சொன்னால் "சரி மாமி, சரி மாமி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஃபைலைத் திறப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் படிக்கத் தடுமாறுகிறவர்கள், படிக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மும்பையில் நம் தேவ்நார் பட்டறை என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டைல்ஸில் சாமி படம் அச்சடித்துச் சூளையில் சுடுகிறோம். அதில் பாதி எங்கே போகிறது என்பதும் தெரியும். பில்டிங் மாடிப்படி மூலைக்கு. பான் மென்றுவிட்டு வருகிறவன் அங்கே துப்பாமல் இருப்பதற்கு. சாமியை வாட்ச்மேன் வேலைக்கு அனுப்பி அனுப்பி நமக்கெல்லாம் ஒரு புத்தி வந்துவிட்டது. சாமி என்றால் சிரிக்க வேண்டும், ரோஸ் நிறமாக இருக்க வேண்டும், ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் டிசைன், இஷ்டப்படி வைக்கலாம், எடுக்கலாம்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது மாட்டுங்காவில், காலண்டர் படங்களைத் திருத்தும் ஒரு கடையில். அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் வசவுதான். ஒரு கம்பெனிக்காரர் வந்து அர்த்தநாரீஸ்வரர் படத்தை இடம் வலமாகத் திருப்பி அச்சடிக்கச் சொன்னார். கம்பெனி பெயர் இருக்கும் பக்கம் சுவாமியின் முகம் திரும்பியிருக்க வேண்டுமாம். அப்படித் திருப்பினால் இடப்பாகத்து அம்பாள் வலப்பாகத்துக்குப் போய்விடுவாள் என்று வந்தவருக்குத் தோன்றவே இல்லை. "உம்ம கம்பெனி பேரைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுக்கோரும் ஓய். அது எந்தப் பக்கம் இருந்தாலும் கம்பெனிதான். அம்பாள் அப்படி இல்லை" என்று அவர் கத்தியதில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எந்த ஆர்டர் வந்தாலும் அவர் ஒன்று கேட்பார்: "இதுக்கு யார் விளக்கு ஏத்தப் போறா?" ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், அந்தப் படத்தின் முன்னால் நிற்கப் போகிறவர் வேறொருவர். நம் தொழிலில் நடக்கும் அக்கிரமம் முழுக்க இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நடக்கிறது. எனக்கு அது உறைத்தது தாராவி பேச்சியம்மாள் வந்தபோது.

பேச்சியம்மாள் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவள். ஐம்பது வயதிருக்கும். அவர்கள் சந்தில் ஒரு இசக்கியம்மன் கோயில் இருந்தது. கோயில் என்றால் நாலு பேர் நின்றால் நிறைந்துபோகிற ஒரு அறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அந்த அம்மன்தான் எல்லாம். பழைய வீடுகளை இடித்து உயரமான கட்டடம் கட்டியபோது, எடுத்து வைத்த மண் சிலை உடைந்துபோய்விட்டது. புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சுவரை ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சுவரில் டைல்ஸ் படமாக அம்மனை வைப்பது என்று முடிவு செய்து, பழைய சிலையின் ஃபோட்டோவைக் கொடுத்து இவளை என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

இசக்கியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கறுத்த முகம், விழித்த கண், கோரைப்பல், கையில் சூலம். இடுப்பில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். வாயில் இன்னொரு பிள்ளையைக் கவ்விக்கொண்டிருப்பாள். நான் பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து செம்பூரில் வளர்ந்தவள். முதலில் பார்த்தபோது ஃபோட்டோவை ஒருதரம் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்காக ரப்பரைத் தேடவில்லை.

ஃபோட்டோவில் வாய்ப் பக்கம் எண்ணெய்ப் புகை படிந்து கருகிக் கிடந்தது. பிள்ளையின் தலை எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. அதைத்தான் கேட்டேன்.

"தல உள்ள இருக்கும், காலு வெளிய தொங்கும்," என்றாள். "காலுல தண்டை உண்டு. செலையில கெடையாது, நாந்தான் பெயிண்டு வாங்கி வரஞ்சேன். பொட்டப்பிள்ள அது."

"இடுப்பில இருக்கறது?"

"அது பையன். இப்பம் ஐரோலில டெலிவரி வேலைக்குப் போறான்."

எனக்குப் புரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைப் பார்த்தாள்.

"எம் மூத்தது காச்சல்ல போச்சு மாமி. தண்டை போட்டு நடக்க ஆரம்பிச்ச நேரம். நேரா கோயிலுக்குப் போயி மண்ண வாரி அவ மேல எறிஞ்சேன். வாய்க்கு வந்தபடி ஏசுனேன். ஏசி முடிச்சி மொகத்தப் பாக்கேன், வாயில கெடக்கா எம் பிள்ள. சரி, இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. இடுப்புல இருக்கத ஒனக்குத் தாரேன்னு அவ சொல்லுத மாரி இருந்துச்சு. பெறவு பொறந்தவன்தான் இவன். அன்னையிலேருந்து வெளக்கு நாந்தான் ஏத்துதேன்."

பெற்ற பிள்ளை எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. அது ஒரு மண் சிலையின் வாய். அதுவும் உடைந்துவிட்டது. இப்போது அந்த வாயை நான் வரைந்து கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கொடைவிழா நடக்கும், மேளம் அடித்தால் இசக்கி இவள்மேல்தான் இறங்குவாள், மற்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து இவள் கையால் திருநீறு பூசிக்கொள்வார்கள் என்பதையும் சொன்னாள். பெருமையாகச் சொல்லவில்லை, வேலை விவரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

வரைந்தேன். தண்டையோடு வரைந்தேன். நிறம் சரியாக இறங்குகிறதா என்று பார்க்க, வழக்கம்போல ஒரு சோதனை செட் சுட்டு எடுத்தோம். நன்றாகவே வந்திருந்தது.

அப்புறம் வந்தார் செக்ரட்டரி. கட்டடக் கமிட்டியின் செக்ரட்டரி, பெயர் முத்துராஜ். அதே சந்தில் பிறந்து, படித்து, பெரிய கம்பெனி வேலைக்குப் போனவர். நம் முதலாளிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஒர்க் சூப்பர். ஆனா வாயில குழந்தை வேண்டாம், எடுத்துருங்க. சூலத்துக்குப் பதிலா தாமரை வைங்க. முகம் கொஞ்சம் லைட்டா, ஸ்மைலிங்கா இருக்கட்டும். பில்டிங்ல மராட்டிக்காரங்க இருக்காங்க, நார்த் இண்டியன்ஸ் இருக்காங்க. டீசண்டா இருக்கணும்."

"அப்படிப் பண்ணினா அது இசக்கி இல்லையே சார்."

"அம்மன்தானே மேடம்? எல்லா அம்மனும் ஒண்ணுதான்."

"எல்லாம் ஒண்ணுன்னா எதுக்கு மாத்தச் சொல்றேள்? இருக்கறபடியே வெச்சுக்கோங்கோ."

அவர் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு என்ன மேடம், ஈசியா சொல்லிருவீங்க. உங்க சாமியெல்லாம் சிரிக்குது. எங்க சாமி மட்டும் பிள்ளைய திங்கணுமா? சின்ன வயசுலருந்து ஸ்கூல்ல, ஆபீஸ்ல, எங்க போனாலும் எங்களை ஜங்கிலி, காட்டுமிராண்டின்னு சொல்லிக் கேட்டாச்சு. போதும்."

அந்த வலி பொய்யில்லை. எங்கள் வீட்டிலேயே, "அந்த மாதிரி தேவதையெல்லாம் வரையறயா? குளிச்சுட்டு உள்ள வா" என்று சொன்னவர்கள் உண்டு. கேட்டுக் கேட்டு எனக்கே காது கூசியிருக்கிறது. ஆனால் சொன்னவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டியவர், தன் அம்மனின் வாயைக் கழுவ வந்திருக்கிறாரே என்றுதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"எங்காத்து நரசிம்மர் குடலை உருவி மாலையாப் போட்டுண்டு உக்காந்திருக்கார்," என்றேன். "அவரை டீசண்டா இருன்னு இதுவரைக்கும் யாரும் சொல்லலை. உங்க அம்மனை மட்டும் ஏன் நீங்களே சொல்றேள்?"

சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன். நேற்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு அதைக்கூடச் சொல்ல முடியாமல் போய்விட்டது. அந்தக் கோபமும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முத்துராஜ் விடவில்லை. "மாட்டுங்காவுலேருந்து குருக்களை வரச் சொல்லியிருக்கோம். இந்த முகத்துக்கு முன்னாடி அவர் பூஜை பண்ண மாட்டாராம்."

"பூஜை பேச்சியம்மாதானே பண்றா?"

"இனிமே குருக்கள்தான். அவங்க எல்லாரோடவும் நின்னு கும்பிட்டுக்கலாம். சாமி ஆடுறதெல்லாம் புது பில்டிங்ல நல்லாருக்காது மேடம்."

விஷயம் அதுதான். படத்தில் ஒரு பிள்ளையை எடுத்தால் கூடவே ஒரு மனுஷியையும் எடுத்துவிடலாம். முகம் மாறினால் பூஜை மாறும், பூஜை மாறினால் ஆள் மாறும். சுவாமியின் கையில் என்ன இருக்கிறது என்பது அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இதைத் திரும்பப் படியுங்கள்.

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலாளி தலையைச் சொறிந்தார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், சண்டை என்றால் ஆகாது. "அரே மாமி, ஜானே தோ, விட்டுருங்க. கஸ்டமர் கேக்குறாங்க, நமக்கென்ன?" என்று சொல்லி, என் ஃபைலைத் திறந்து தானே உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தார்.

அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை எடுத்தார். கவ்விய வாய் ஒன்றையும் கவ்வாமல் ஆவென்று கிடந்தது. அதை மூட, தயாராக வைத்திருக்கும் லட்சுமி படத்திலிருந்து ஒரு சிரிப்பை வெட்டி ஒட்டினார். சிரிப்பு ஒருத்தியுடையது, விழித்த கண் இன்னொருத்தியுடையது. பைத்தியம் பிடித்தவள்போல இருந்தது. கண்ணை மாற்றினார். மாற்றிய கண்ணுக்குக் கறுத்த நிறம் ஒத்துவரவில்லை, வெளுத்தார். வெளுத்த முகத்தோடு சூலம் சேரவில்லை, தாமரை வைத்தார். இடுப்பில் பிள்ளை இருந்தால் ஆசீர்வாதக் கையைக் காட்ட இடமில்லை, அந்தப் பிள்ளையையும் தூக்கிவிட்டார். கடைசியில் திரையில் நின்றவளுக்கும் இசக்கிக்கும் சேலை நிறம் ஒன்றுதான் பொது. முத்துராஜ், "பர்ஃபெக்ட்" என்றார்.

அடுத்த வாரம் டைல்ஸை எடுத்துப்போக முத்துராஜ் வந்தபோது, பேச்சியம்மாளும் வந்து நின்றாள். கொடைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு பெண்களோடு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். மேஜைமேல் பரப்பியிருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"இது யாரு மாமி?"

நான் வாயைத் திறப்பதற்குள் முத்துராஜ் முந்திக்கொண்டார். "நம்ம அம்மன்தான் அத்தை. கொஞ்சம் மாடர்னா பண்ணிருக்கோம்."

"எம் பிள்ள எங்கல?"

முத்துராஜ் டைல்ஸை அடுக்கத் தொடங்கினார். அவருக்கு அந்தக் கதை தெரியும். ஒரே சந்தில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"எங்கலன்னு கேக்கேன்லா? ஒருதரம் காச்சலு கொண்டுபோச்சு. இப்பம் நீ கொண்டுபோறியா?"

"அத்தை, பப்ளிக் இடத்துல அந்தப் படத்தை வைக்க முடியாது. குழந்தைங்க பயப்படும்."

"பயப்படட்டும். தின்னக்கூடியவகிட்டதாம்ல பிள்ளையக் காப்பாத்துன்னு கேக்க முடியும். இவகிட்ட என்னத்தக் கேக்க? இவளப் பாத்தா பூக்கட விளம்பரத்துல நிக்கவ மாரி இருக்கா."

முதலாளிக்குப் பதற்றம் வந்துவிட்டது. சத்தம் வேண்டாம், எடுத்துப்போங்கள் என்று முத்துராஜை அவசரப்படுத்தினார். போகிற போக்கில் முத்துராஜ், "அந்தப் பழைய செட்டை உடைச்சிருங்க சார்" என்று சொன்னார். நம் பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரியும். சோதனைக்குச் சுட்டது வெளியே போகக் கூடாது, உடைத்துக் குப்பையில் போட வேண்டும். முதலாளி சுத்தியலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசிக்க எனக்கு நேரமே இல்லை. யார் விளக்கு ஏற்றப் போகிறார்கள் என்று மாட்டுங்கா கடை மூத்தவர் கேட்பாரே, அந்த ஒரு கேள்விதான் அப்போது எனக்குக் கைகொடுத்தது.

சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு, சோதனை செட்டை எடுத்துப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தேன்.

"மாமி, என்ன பண்றீங்க?" என்று முதலாளி அலறினார்.

"ரிஜெக்ட்தானே? குப்பைக்குப் போறதை யார் எடுத்துண்டு போனா உங்களுக்கென்ன? நான் உடைக்க மாட்டேன். வேணும்னா நீங்க அவ கையிலேருந்து பிடுங்கி, அவ கண்ணெதிர உடைங்கோ."

அவர் நகரவில்லை. பேச்சியம்மாள் தண்டைக் காலை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு மூன்று பெண்களும் டைல்ஸை ஒரு சேலையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு முதலாளி ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன்.

கமிட்டி செக்ரட்டரி சொன்னால் மறுக்க முடியுமா மாமி என்று கேட்பீர்கள். முடியாது என்று எந்த மேஜையில் எழுதி ஒட்டியிருக்கிறது? உங்களுக்கு நூறு தடவை திருத்தம் செய்யப் பொறுமை இருக்கிறது. ஒரு தடவை "இதை எடுத்தால் யார் அழுவார்கள்" என்று கேட்க மட்டும் நேரமில்லை.

கொடை அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் வெள்ளை விளக்கெல்லாம் போட்டு, சிரிக்கிறவளைச் சுவரில் பதித்திருந்தார்கள். முன்னால் ஒரு ஸ்டீல் கம்பித் தடுப்பு. உள்ளே குருக்கள். பாவம், அவர்மேல் குற்றமில்லை, "எந்த அம்பாள் பேர் சொல்லட்டும்?" என்று நியாயமாகத்தான் கேட்டார். "துர்கான்னு சொல்லிருங்க சாமி" என்றார் முத்துராஜ். அவர் மனைவி கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தடுப்புக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாகப் பேச்சியம்மாள்.

மேளம் ஆரம்பித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோருடைய கண்ணும் பேச்சியம்மாள் மேலேயே இருந்தது. அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள். மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அவள் உடம்பில் ஒரு அசைவு இல்லை. முத்துராஜ் நிம்மதியாகச் சிரித்தது எனக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "மொகம் தெரியலியே மாமி. நா யாரப் பாத்து ஆட?"

சொல்லிவிட்டு நேரே லிஃப்டுக்குப் போனாள். இரண்டு பெண்கள் கூடப் போனார்கள். லிஃப்ட் கீழே வந்ததும் இன்னும் ஆறு பேர். அதற்குப் பிறகு நிற்க இடமில்லாமல் படியேறத் தொடங்கினார்கள். மேளக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களும் ஏறிவிட்டார்கள், பின்னாலேயே நானும் ஏறினேன். கீழே குருக்களும், முத்துராஜும், கமிட்டிக்காரர்கள் நாலு பேரும், சுவரில் சிரிக்கிறவளும் மிச்சம்.

ஒன்பதாவது மாடி வராந்தாவில், தன் வீட்டு வாசலில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் என் டைல்ஸைப் பேச்சியம்மாள் சாய்த்து வைத்திருந்தாள். விளக்கேற்றினாள். மூச்சிரைக்க ஏறி வந்த மேளக்காரர்கள் அந்தக் குறுகிய வராந்தாவில் அடித்த அடியில் சுவர் அதிர்ந்தது. எதிர் வீட்டு மராட்டிக்காரப் பெண் கதவைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். விழித்த கண்ணையும் வாயில் கிடந்த பிள்ளையையும் நன்றாகவே பார்த்தாள். சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே ஓடி, தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்து முன்னால் நிறுத்தினாள். யார் என்ன நினைப்பார்களோ என்று முத்துராஜ் பயந்தாரே, அவர்கள் நினைத்தது இதுதான்.

பேச்சியம்மாளின் கொண்டை அவிழ்ந்தது. தோள் குலுங்கியது. நான் அறிந்த குரலாகவே இல்லை அது.

"எம் வாயிலேருந்து பிள்ளையப் புடுங்குனது எவம்ல?"

எல்லோருக்கும் தெரியும். மேளம் நின்றுவிட்டது.

கூட்டம் விலகியது. படியேறி வந்த முத்துராஜின் மனைவி வேர்த்து விறுவிறுத்து முன்னால் வந்தாள். குழந்தையை நீட்டினாள். பேச்சியம்மாள் அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். குழந்தை அழவில்லை, கால்களை உதைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் நெற்றியில் திருநீறு பூசி பெற்றவளிடமே நீட்டினாள்.

"இத நான் எடுக்கல. இடுப்புல வச்சுக்க."

அவள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.